வடிகால் முடியும் இடத்தையும் பாருங்கள்

வயலில் இட்ட பூச்சிமருந்து மழையில் வடிந்து போய்விட்டது என்று விவசாயிகள் வருந்துவதுண்டு. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. டெல்டா விவசாயப் பெருமக்கள் சம்பா அறுவடை முடிந்ததும், மாசியில் ஒரு நாள் கோடியக்கரைக்குப் போய்வருவது நல்லது.

வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள இந்தச் சரணாலயம் 1967இல் அமைக்கப்பட்டது. வெளிமான்கள் புல்வெளியில் கூட்டமாக மேய்வதை இங்கே காணலாம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான், குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றிலுள்ள சிற்றுயிர்களைச் சலித்து உண்கிறது. சேற்றில் உயிர் இருந்தால்தான் பறவைக்கு இரை உண்டு.

அந்தச் சேற்றுக்கும் நம் வயலுக்கும் தொடர்பு உண்டு. பாமணியாறும் கோரையாறும் வயல்களின் வடிநீரைச் சுமந்து முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. கோடியக்கரை முதல் முத்துப்பேட்டை வரையிலான 38,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக 2002இல் அறிவிக்கப்பட்டது. வயலில் தேவையின்றி இடும் மருந்து, பணத்தையும் கரைத்து, இறாலையும் மீனையும் நம்பிய மீனவரின் பிழைப்பையும் கெடுக்கும்.

பறவை என்றாலே கதிரைத் தின்னும் பகை என்பது சரியல்ல. உழவின்போது ஏர் பின்னாலும் டிராக்டர் பின்னாலும் வரும் கொக்கு புழு பூச்சிகளைப் பொறுக்குகிறது. ஆந்தை எலியைப் பிடிக்கிறது. கதிர் முற்றும்போது சில பறவைகளால் சேதம் உண்டு என்பதும் உண்மையே. ஆகவே ஏக்கருக்கு 20 இடங்களில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டு, பால் பிடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

குருத்துப்பூச்சி தாக்கி நடுக்குருத்து காய்வது 10 சதத்தை எட்டும் முன் மருந்தடிக்கத் தேவையில்லை. குருணை மருந்தை இட்டபின் சில நாட்கள் வயல் நீரை வடிக்கக் கூடாது. வரப்பிலும் களத்திலும் குருணை சிந்தாமல் பார்க்க வேண்டும். பறவைகள் அதைத் தானியம் என்று கொத்தி மடிகின்றன.

உழவர் விவாதக் குழுக்கள் விதைப்பண்ணைகளைப் பார்க்கச் செல்வதுபோல் கோடியக்கரைக்கும் பிள்ளைகளுடன் செல்ல வேண்டும். வடிகால் முடியும் இடத்தை ஒருமுறை கண்டவர், அடுத்த பருவத்தில் மருந்துப் புட்டியைத் திறக்குமுன் ஒரு கணம் யோசிப்பார்.