மோட்டார்மேனைத் திட்டி என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறிக்கிற சம்பந்தி வீட்டார் யாரும் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களாக இருக்க மாட்டார்கள். இருந்தால், பட்டுப்புடவையும் கையில் தாம்பூலப் பையுமாக நடைமேடையில் காத்து நிற்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். சென்னை மின்சார ரயிலுக்கு ஞாயிறு என்றால் விடுமுறை அட்டவணை. வண்டிகள் குறைவு. குறைந்த அந்த வண்டிகளிலும் ‘பொறியியல் பணி’ என்று சொல்லி இன்னும் சிலவற்றை ரத்து செய்வார்கள். எவை ரத்து என்கிற பட்டியல் சனிக்கிழமை செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும். வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி போன மாதத்துப் பட்டியல்.

தண்டவாளத்தைப் பழுதுபார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்கும் தெரியும். ஆனால் சொன்ன தேதிக்கு முடிப்பது என்று ஒன்று உண்டா, இல்லையா? கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது பாதை போடுகிறோம் என்று 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு வெட்டினார்கள். ஏழு மாதம் என்றார்கள். கடற்கரை வரை மறுபடி வண்டி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். ஏழு, பதினான்கு ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் பாரிமுனையில் வேலை பார்த்த எத்தனையோ பேர் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் தனியாகக் காசு கொடுத்தார்கள். சீசன் டிக்கெட்டும் கையில் இருந்தது, தினப்படி செலவும் கையைக் கடித்தது. அதே பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை நீட்டும் 5 கிலோமீட்டர் வேலை 2008-ல் தொடங்கியது. பதினைந்து ஆண்டு கழித்து, 2023-லும், அதில் ஒரு பயணி ஏறவில்லை.

இதற்கெல்லாம் திட்டு வாங்குவது யார்? வண்டி ஓட்டுகிறவர்.

சாயங்கால வண்டி கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் நின்றால் போதும். மூன்றாவது நிமிடம் யாராவது ஆரம்பிப்பார்கள். “லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறானுங்க, ஒரு வண்டியை ஒழுங்கா ஓட்டத் தெரியல.” அன்றைக்கு இதைச் சொன்னவர் கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கியது. காலடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “ஏன் தம்பி, சிக்னல் போட்டாத்தானே அவரு எடுப்பாரு? செவப்புல எடுத்தா நாம எல்லாரும் எங்க போவோம்?” என்றார். பெட்டியே சிரித்தது. அந்தத் தம்பி போனைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த அம்மா சொன்னதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் ஓட்டுநருக்கு வேலையே போகலாம். தாமதமானால் திட்டுதான். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

கடற்கரையிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர், 18 நிலையங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் பிரேக் பிடித்து, 12 பெட்டியையும் நடைமேடைக்குள் நிறுத்தி, பின்னாலிருந்து கார்டு (இப்போது அவருக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர், 2022-ல் பெயரைத்தான் மாற்றினார்கள்) மணி அடித்த பிறகு எடுத்து, அடுத்ததில் மறுபடி நிறுத்த வேண்டும். கிராசிங்கில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடப்பவரைப் பார்த்து ஹாரன் அடிக்க வேண்டும். ஓட்டும் அறையில் கழிப்பறை கிடையாது. இப்போது பெண்களும் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் கிடையாது. சாப்பிடவும் சிறுநீர் கழிக்கவும் வேலை நேரத்தில் இடைவேளை வேண்டும் என்று நாடு முழுவதும் ரயில் ஓட்டுநர்கள் கேட்டார்கள். அது நடைமுறைக்குச் சாத்தியமில்லை என்று 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் கைவிரித்துவிட்டது. ஹோட்டலில் வேலை செய்கிற பையனுக்குக்கூட ‘போயிட்டு வாடா’ என்று முதலாளி சொல்லுவார். ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர் அடக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டுமாம்.

மின்சார ரயில் ஓட்டுபவர்கள் பாடு சரக்கு ரயில் ஓட்டுநர்களை விடப் பரவாயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்தால் இவர்கள் வீட்டுக்குப் போகலாம். சரக்கு ரயில் ஓட்டுநர் இரண்டு நாள், மூன்று நாள் வெளியூர் ஓய்வறையில் கிடந்துவிட்டுத்தான் திரும்புவார். அவர்கள்தான் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து தெற்கு ரயில்வேயில் ஒரு விசித்திரமான போராட்டம் நடத்தினார்கள். வேலைநிறுத்தம் இல்லை, மறியல் இல்லை. வாராந்திர ஓய்வை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும் கிடைக்க வேண்டிய 16 மணி நேர ஓய்வு வேறு, வாரத்துக்கு ஒரு முறை தர வேண்டிய 30 மணி நேரம் வேறு. இரண்டையும் கூட்டினால் 46 என்பது அவர்கள் கணக்கு. முப்பதுக்குள்ளேயே பதினாறும் அடங்கிவிட்டது என்பது நிர்வாகத்தின் கணக்கு. 46 மணி நேரம் தூங்கி எழுந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, இடமாற்றம், சிலருக்கு சஸ்பெண்ட். ஓய்வு எடுத்தது குற்றம்!

தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் இரவுப்பணி கூடாது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்பவையும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தன. பத்து மணி நேரத்தை ஏற்றுக்கொள்வதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது 1973-ல். மறு வருஷம் மே மாதம் நாடே நின்றுபோன ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது; இருபது நாள் நீடித்தது. பெரம்பூர், அயனாவரம் பக்கத்துப் பழைய ரயில்வே குடும்பங்களில் கேட்டால் யார் யார் உள்ளே போனார்கள், யாருக்கு வேலை போனது என்று இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அதே பத்து மணி நேரம் கோரிக்கைப் பட்டியலிலேயே கிடக்கிறது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர்கள் 36 மணி நேரம் பட்டினி கிடந்து பார்த்தார்கள்.

ஏன் ஓய்வு தர முடியவில்லை? மாற்றி விட ஆள் இல்லை. ஆளை ஏன் எடுக்கவில்லை? இங்கேதான் பணக் கணக்கு வருகிறது.

ரயில்வே 100 ரூபாய் சம்பாதித்தால் 98 ரூபாய்க்கு மேல் செலவாகிவிடுகிறது. மிச்சம் பிடிக்க ஓர் இடம் வேண்டும். இரும்பு விலையைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஆளைக் குறைக்கலாம். 2015-க்குப் பிறகான ஆறு ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பணியிடங்களை ரயில்வே ஒழித்துவிட்டது என்று 2022-ல் செய்தி வந்தது. பெரும்பாலும் கடைநிலைப் பணியிடங்கள். அது ஒழித்த கணக்கு. ஒழிக்காமல் நிரப்பாமலும் விட்டு வைத்தவை தனி: 2023-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள வேலைகள்.

இதில் என்னை மிகவும் எரிச்சல்படுத்திய ஒன்று உண்டு. 2024 ஜனவரியில் நாடு முழுவதற்கும் 5,696 உதவி ஓட்டுநர்களை எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். ஜூன் 17-ம் தேதி மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. அடுத்த ஓரிரு நாளில் அந்த 5,696, 18,799 ஆகிவிட்டது. பதின்மூன்றாயிரம் பேர் தேவை என்பது ஒரே ராத்திரியில் தெரியவந்ததா? காலியிடங்கள் காகிதத்தில் முன்பே இருந்திருக்கத்தானே வேண்டும்? எடுத்துப் பார்க்க ஒரு விபத்து தேவைப்பட்டது.

முன்பாவது ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. பிப்ரவரி மாதம் ஒரு நாள், டீக்கடையில் தந்தியை விரித்து ‘நமக்கு என்ன கொடுத்தான்’ என்று படிப்பார்கள். 1924-ல் தொடங்கிய வழக்கம், 2017-ல் பொது பட்ஜெட்டுக்குள் கரைந்துவிட்டது. இப்போது ரயில்வே கணக்கைத் தேடிப் படிக்க வேண்டும். தேடினால் கிடைப்பது ஆயிரம் ரூபாய்! மாமல்லபுரம் வழியாகச் சென்னை – கடலூர் புதிய பாதை உட்படப் பல தமிழகத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். திட்டம் செத்துவிடவில்லை என்று காட்டுவதற்கு அந்த ஆயிரம். அதை வைத்துத் தண்டவாளத்துக்கு ஒரு நட்டு வாங்கலாம், ஆட்டோவில் போய் வாங்கினால் அதுவும் இல்லை.

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்க 735 கோடி ரூபாய். நிலையம் அழகாக இருக்க வேண்டும்தான். எனக்கும் எழும்பூர் பிடிக்கும். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. கூடுதலாக நூறு ஓட்டுநர்களை எடுத்தால் எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டுவார்?

டிக்கெட் கவுன்டருக்கு வாருங்கள். எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் போங்கள், ஜன்னல் நாலு இருக்கும், திறந்திருப்பது ஒன்று. பக்கத்தில் இயந்திரம் இருக்கும். இயந்திரத்துக்குத் துணையாக, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் கமிஷனுக்கு நின்றுகொண்டு நமக்காகப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பார். சம்பளமும் பஞ்சப்படியும் கொடுத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்த அதே மனிதரை இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். இதற்குப் பெயர் நவீனமயம்.

‘ஐந்து ரூபாய் டிக்கெட்டில் இவ்வளவுதான் கிடைக்கும்’ என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. முன்பதிவுச் சீட்டிலேயே ‘செலவில் 57 சதவீதம்தான் உங்களிடம் வாங்குகிறோம்’ என்று அச்சடித்துக் குத்திக்காட்டியவர்களின் வாதம்தான் இது. மின்சார ரயிலின் ஆரம்பக் கட்டணம் ஐந்து ரூபாய் என்பது உண்மை. அந்த ஐந்து ரூபாயை நம்பித்தான் செங்கல்பட்டு, கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கமிருந்து வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் துணிக்கடைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வரவில்லை என்றால் தியாகராய நகர் காலை பத்து மணிக்குக் கடை திறக்குமா? 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயில் விட்டார்கள், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், செங்கல்பட்டுக்கு 105. போகிறவர்கள் போகட்டும், வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் அது போகும் நேரத்தில் அதே பாதையில் சாதாரண வண்டி போக முடியாது. பூக்கூடை அம்மா நடைமேடையில் நின்று அதன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வண்டி குறைந்தால் கூட்டம் படிக்கட்டுக்கு வரும். 2018 ஜூலை 24 காலையில் மின்கம்பி அறுந்து வண்டிகள் தாமதமாகி, ஒரு மின்சார ரயிலை விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில் மோதி, படியில் தொங்கி வந்த இளைஞர்கள் உயிரிழந்தார்கள். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதி வைத்தவர்கள், உள்ளே நிற்க இடம் எங்கே இருந்தது என்று எழுதவில்லை.

தொழிற்சங்கங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஸ்டேஷன் வாசலில் வாயிற்கூட்டம் போட்டுக் கொடுக்கும் நோட்டீஸில் இருபது கோரிக்கை இருக்கும். ஓய்வு, ஓய்வூதியம், படி, பதவி உயர்வு. எல்லாம் நியாயம். பயணிக்கு வண்டி போதவில்லை என்று ஒரு வரி இருக்காது. பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவிடம் ஒப்படைக்க 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் வந்தது. ஊழியர்கள் எங்கே போவார்கள் என்று சங்கங்கள் கேட்கின்றன, கேட்க வேண்டியதுதான். கட்டணம் என்ன ஆகும் என்று அதே மேடையில் ஏன் கேட்கக் கூடாது? சங்க அங்கீகாரத் தேர்தல் 2013-க்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் நடந்தது. ஓட்டுக் கேட்ட நாட்களில் ஊழியரிடம் காட்டிய சுறுசுறுப்பில் கால்வாசியைப் பயணியிடம் காட்டியிருந்தால், வண்டி நிற்கும்போது நாம் ஓட்டுநரைத் திட்டமாட்டோம். நாம் அவரைத் திட்டுவதும், அவர் ‘பொதுஜனத்துக்கு என்ன தெரியும்’ என்று நம்மைச் சலித்துக்கொள்வதும் மேலே உட்கார்ந்து பணியிடத்தை வெட்டுகிறவர்களுக்கு மிகவும் சௌகரியம்.

மின்சார ரயில் ஓடும் தொகுதிகளின் எம்.பி.க்களுக்கு ஒரு வேண்டுகோள். வடசென்னையிலிருந்து காஞ்சிபுரம், அரக்கோணம் வரை இருக்கிறீர்கள். புதிய வந்தே பாரத் வேண்டும் என்று கடிதம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அவையில் ஒரு கேள்வி கேளுங்கள்: சென்னைக் கோட்டத்தில் ஓட்டுநர், கார்டு, சிக்னல், தண்டவாளப் பராமரிப்புப் பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் காலி எத்தனை, எந்தத் தேதிக்குள் நிரப்புவீர்கள்? பதிலை அப்படியே அச்சடித்து எல்லா நிலையத்திலும், ரத்தான வண்டிகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். யாரைத் திட்டுவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.