போய்விடாமல் இருங்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி எல்லாம் காதில் விழும். அவரவருக்குத் தனித் தெரு, தனிக் கோயில், தனிப் பள்ளிவாசல். ஆனால் மிளகு விலை பேசுவதற்காக யாரும் யார் தெருவுக்கும் குடிபோனதில்லை. கைபேசியில் மட்டும் நிலைமை வேறு. வாட்ஸ்அப்பில் இருப்பவரோடு பேச வாட்ஸ்அப்புக்கே குடிபோக வேண்டும். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

போன மழைக்காலத்தில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. உதவி கேட்கத் தங்கை மகன் லிபெரா சாட் என்ற அரட்டை வலையைத் திறந்து கொடுத்து, "ஒரு பேரு மட்டும் போடுங்க மாமா, போதும்" என்றான். கைபேசி எண் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. இதுதான் ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறை. 1988-இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் எழுதியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸ் உதவி அறைக்குள் போனேன். வலது ஓரத்தில் வரிசையாக நூற்றுக்கணக்கில் பெயர்கள். "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று தட்டினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், மனசு சுருங்கிப்போய் மூடிவிட்டேன்.

மருமகனுக்குக் கோபம். "பேரு இருந்தா ஆள் முன்னாடி உட்கார்ந்திருக்கார்னு அர்த்தமில்ல மாமா. வேலைக்கு நடுவுல வந்து பார்ப்பாங்க. நீங்க வெளியே வந்துட்டா அவங்க சொல்ற பதில் உங்களுக்கு வராது." மறுநாள் அனுமதி கேட்காமல் கேள்வியையே முழுதாக வைத்தேன்: எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, திரையில் என்ன தெரிகிறது. சாளரத்தைத் திறந்தே வைத்துவிட்டு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு வரி பதில் காத்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான விஷயம் இதுதான். இன்னொன்றும் உண்டு: அது பொது அறை, யாரும் படிக்கலாம், சேமித்தும் வைக்கலாம். கைபேசி எண்ணையோ வீட்டு விவரத்தையோ அங்கே போடாதீர்கள்.

அந்தப் பதிலால் எனக்குக் கிடைத்த எழுத்துரு மீரா இனிமை. அந்தத் தமிழ் எழுத்துருவைத் தந்தது, 2002-இல் தொடங்கிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. அவர்களும் ஐஆர்சி அறையில் கூடிப் பேசியவர்கள்தாம்.

லிபெரா பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையின் நிர்வாகம் யார் கையில் என்று தகராறு வந்தது. அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் வெளியேறி லிபெராவைத் தொடங்கினார்கள். சில வாரங்களில் உபுண்டு, விக்கிமீடியா போன்ற பெரிய கூட்டங்களும் பெயர்ந்து வந்துவிட்டன. நம் வாட்ஸ்அப் குழுவால் இப்படிப் பெயர முடியுமா?

சொந்தபந்தத்தோடு பேச எக்ஸ்எம்பிபி என்ற திறந்த முறை வசதியானது. மின்னஞ்சல் மாதிரி முகவரி. உங்கள் கணக்கு ஒரு வழங்கியில் இருக்கும், என்னுடையது வேறொன்றில், பேச்சு தடைபடாது. இதில் இயங்குவதுதான் பிராவ் செயலி. மலையாளத்தில் பிராவ் என்றால் புறா. பயனர்களே கூட்டுறவாக நடத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு நம் நாட்டு சுதந்திர மென்பொருள்காரர்கள் தொடங்கியது. கைபேசி எண்ணைக் கொடுத்தே சேரலாம் என்பதால் வயதானவர்களுக்கும் சுலபம்.

இப்படிப்பட்ட திறந்த வழிகளுக்குத் தடையும் வந்திருக்கிறது. 2023-இல் மத்திய அரசு முடக்கிய பதினான்கு செயலிகளில், மேட்ரிக்ஸ் என்ற திறந்த வலைக்கான எலிமெண்ட்டும், பிரையாரும் இருந்தன. அதை எதிர்த்து, காயலுக்கு அக்கரையில் இருக்கும் கேரள உயர்நீதிமன்றத்தில் சிலர் வழக்குப் போட்டார்கள். பேசும் வழியைக் காக்க நம்மூரில் வழக்காடினார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

போன வாரம் இரவு அந்த உதவி அறையில் ஒருவர் ஆங்கிலத்தில், "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். பதினோரு நிமிடமாகப் பதிலில்லை. "இருக்கிறேன், கேளுங்கள்" என்று தட்டினேன். அவர் இன்னும் போகவில்லை.