முன்னேற்பாடு யாருக்கு?

2019 அக்டோபர் 11, 12. சீன அதிபர் ஜி ஜின்பிங் மாமல்லபுரம் வந்துபோன இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்காக அரசு எத்தனை நாள் உழைத்தது என்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. சீனப் பாதுகாப்புக் குழு முன்னதாகவே வந்து இறங்கியது. அதிபரின் ஹாங்சி கார் விமானத்தில் வந்தது. விடுதிகளில் தங்கியிருப்பவர் யார் யார் என்று பட்டியல் எடுத்தார்கள். மோப்ப நாய், வெடிகுண்டு நிபுணர், கான்வாய் ஒத்திகை எல்லாம் நடந்தது. கடைக்காரர்கள் கடையை மூடினார்கள், மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாதென்று நிறுத்தப்பட்டார்கள். திபெத்திய மாணவர்களும் கவிஞர் தென்சின் சுண்டுவும் அதிபர் வருவதற்கு முன்பே கைது. எந்தக் குற்றமும் நடக்கவில்லை. நடந்துவிடக் கூடும் என்ற ஊகமே போதுமானதாக இருந்தது.

கொலைகாரனைப் பிடிக்க மஃப்டியில் ஆள் இருக்கிறார். சாலையோரம் பத்தடிக்கு ஒருவராக வெயிலில் நிறுத்தப்படும் காக்கி நமக்கானது. இன்றைக்கு இந்தச் சாலை உன்னுடையது அல்ல என்று அது சொல்கிறது. (நிற்கிற அந்தக் காவலருக்குத் தண்ணீர் தர ஆளில்லை, அது தனிக் கதை.)

2020 பிப்ரவரி 24 அன்று டிரம்ப் வந்தபோது அகமதாபாத்தில் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். விமான நிலையச் சாலையோரம் இருந்த சரணியாவாஸ் குடிசைப்பகுதிக்கு முன்னால் அரை கிலோமீட்டர் அளவுக்குச் சுவர் எழுந்தது. ஆக்கிரமிப்பைத் தடுக்கவே சுவர் என்றது மாநகராட்சி. மொடேரா மைதானத்துக்குப் பக்கத்தில் 45 குடும்பங்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் போனது. 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்கு டெல்லியில் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். ஏழ்மையையும் சேரியையும் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கிற கண் இது. சாக்கடையில் இறங்குகிறவர் வேண்டும், அவர் குடியிருப்பு மட்டும் விருந்தாளி கண்ணில் படக்கூடாது.

'அயல்நாட்டுத் தலைவர் உயிருக்கு ஆபத்து வந்தால் நாட்டுக்கே அவமானம்' என்பார்கள். சரி, பாதுகாக்கட்டும். நம் கேள்வி வேறு. நம் உயிருக்கும் இதே முன்னேற்பாட்டைச் செய்யச் சொல்லிச் சட்டமே இருக்கிறது, தெரியுமா? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். எஸ்.பி. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் அங்குள்ள ஆதிக்கசாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்து, சிறப்புக் காவல்படையை நிறுத்த வேண்டும். வி.ஐ.பி. வருகைக்குச் செய்யும் அதே வேலைதான். அங்கே ஒத்திகையோடு நடக்கிறது. இங்கே பிணம் விழுந்த பிறகு நடக்கிறது.

எங்கள் தென்காசி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். புளியறை வழியாக ஒரு அமைச்சர் கேரளம் போகிறார் என்றால் செங்கோட்டைச் சாலையில் காக்கி நிற்கும். இதே மாவட்டத்துப் பாஞ்சாங்குளத்தில் 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தார் ஒரு கடைக்காரர். வீடியோ பரவிய பிறகு கடைக்கு சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாதென்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல நடவடிக்கை, மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை மணி அடித்தது யார்? உளவுத்துறையா? ஒரு செல்போன்.

மாமல்லபுரத்திலும் அப்படித்தான். அதிபர் வந்துபோய் இரண்டு ஆண்டில், 2021 அக்டோபரில், அங்குள்ள தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவர் பெண்ணைப் பந்தியில் உட்கார விடவில்லை. அவர் பேசிய வீடியோ பரவியதும் அமைச்சர் சேகர்பாபு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். உலகத் தலைவருக்காகச் சந்து சந்தாகச் சோதித்த அதே ஊர் அது.

விதி 17இன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், தலைமை கலெக்டர். விதி 16இன்படி மாநிலக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, தலைமை முதலமைச்சர். மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் விதி 3இன் கீழ் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை, கடைசியாகக் குழு கூடிய தேதி எது, எஸ்.பி. எந்தெந்த ஊருக்கு நேரில் போனார்? கட்டணம் 10 ரூபாய்.