கனமே பலம் என்னும் பிரமை

எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டி முடித்திருக்கும் பெரியவர் ஒருவர், மொட்டைமாடியின் ஒன்பதங்குலக் கைப்பிடிச் சுவரையும், படிக்கட்டறையின் தலைமேல் ஏற்றியிருக்கும் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டியையும் காட்டி, “பூகம்பமே வந்தாலும் அசையாது சார், எல்லாம் அவ்வளவு கனம்” என்று சொன்னபோது, பால் காய்ச்சிய வீட்டில் தர்க்கம் செய்வது நாகரிகமன்று என்பதனால் வாய்மூடி இருந்துவிட்டேன்; ஆனால் ஊரெல்லாம் வேதவாக்காகக் கொண்டிருக்கும் இந்தச் சித்தாந்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்தவன் நான் ஒருவன் மாத்திரம் அல்லன் என்றே நம்புகிறேன்.

கனம் காப்பாற்றுமென்றால், இந்தத் தேசத்திலேயே மிகப் பத்திரமாக இருந்திருக்க வேண்டியவர்கள் மராட்டிய மாநிலத்துக் கில்லாரி கிராமத்தார். இரண்டடிக்குக் குறையாத கருங்கற் சுவர். அதன்மேல் மரச்சட்டம் பரப்பி, வெயிலுக்கு அடக்கமாக மண்ணை அள்ளிக் கொட்டிய கூரை. 1993 செப்டம்பர் 30 விடியுமுன், ரிக்டர் கணக்கில் 6-ஐச் சற்றே தாண்டிய ஒரு நடுக்கத்தில், சேற்றுச் சாந்தில் அடுக்கிய கற்கள் இருபுறமும் பிதுங்கிச் சரிய, கூரை மொத்தமாக இறங்கியது. அவ்வட்டாரத்தில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். மேலே விழுவதற்குக் கீற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத குடிசைவாசிகள் பிழைத்தார்கள். அபாயம் மிகக் குறைந்ததென்று முதல் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்த ஊர் அது!

பூமி கட்டடத்தைத் தள்ளுவதில்லை. அஸ்திவாரத்தை அது இழுத்துக்கொண்டு போக, மேலுள்ள பாரம் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. பேருந்து வெடுக்கென்று கிளம்புகையில் தலைச்சுமையோடு நிற்பவள் படும் பாடே தூண்கள் படும் பாடு. இதனால்தான் ஐ.எஸ். 1893 என்னும் விதிநூல், கட்டடத்தின் எடையை ஒரு குணகத்தால் பெருக்கியே அடிமட்டக் கிடைவிசையைக் கணிக்கச் சொல்கிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்ட சென்னைக்கு மண்டல எண் 0.16, அதில் பாதியை ஐந்தால் வகுத்து 2.5-ஆல் பெருக்கினால், முறைப்படி கம்பி கட்டிய தாழ்ந்த குடியிருப்புக்குக் குணகம் 0.04. அதாவது 1,000 டன் கட்டடத்துக்கு 40 டன் கிடைவிசை. கனத்தைக் கூட்டினால் விசையும் கூடும். அது மாடிகளுக்குப் பங்கிடப்படுவதோ உயரத்தின் வர்க்கத்தை அனுசரித்து என்பதனால், உச்சியில் ஏற்றிய சுமைக்கே பெரும்பங்கு. கூரைக்குமேல் நீட்டி நிற்கும் தொட்டியையும் கைப்பிடிச் சுவரையும் இந்தக் குணகத்தின் ஐந்து மடங்குக்குச் சரிபார்க்க வேண்டுமென்பதும் விதி. பெரியவர் பெருமையோடு காட்டிய வஸ்துக்கள் இரண்டும் அவையே.

ஐந்தால் வகுக்கும் அந்தச் சலுகையும் இனாமன்று. தூணைச் சுற்றிய ரிங்கின் முனைகள் 135 பாகை மடங்கி உட்புறக் கான்கிரீட்டைக் கவ்வியிருந்தால்தான் அதற்கு உரிமையுண்டு. கம்பி கட்டுபவர் 90 பாகையோடு நிறுத்திவிட்டுப் போக, சுவரின் தடிப்பை நாடா வைத்து அளக்கும் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியும் பாரார்.

செங்குத்து விசையின் கதி இதனினும் பரிதாபம். கிடைக் குணகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு உண்டு. தூண் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒருபுறம் மாத்திரமே பிடிப்புள்ள பால்கனி பொறுக்காது என்பதனால், அங்கே செங்குத்துக் குணகத்தை ஐந்து மடங்காக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாமோ அதன்மேல் கிரானைட்டையும் செடித்தொட்டிகளையும் ஏற்றுகிறோம். கில்லாரியில் குளிர்ச்சிக்காக ஏற்றினார்கள், நாம் அழகுக்காக.

“அது சேறு, இது சிமெண்ட்” என்பார்கள். 2001 ஜனவரி 26 அன்று, பூகம்ப மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆமதாபாத்தில், கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தை வெறும் தூண்களோடு விட்டு, மேலே சுவர்களை அடுக்கிய மாடிகள் மடிந்து விழுந்தனவே, அவை சேறா? அதே வடிவத்தைத்தான் இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு கட்டி, ‘ரிக்டர் 8 வரை தாங்கும்’ என்று விளம்பரமும் அச்சிடுகிறார்கள் சில மகாநுபாவர்கள். எவ்வளவு தூரத்தில் நிகழும் 8, எத்தகைய மண்ணில் என்று கேட்பாரில்லை. வாஸ்து பார்க்க வருபவருக்கு வெற்றிலை பாக்கோடு தட்சிணை வைத்து வணங்குகிறவர்கள், இத்தனை கணக்கையும் போட வேண்டிய பொறியாளரிடம் மாத்திரம், “கையெழுத்துக்கு எவ்வளவு சார்?” என்று பேரம் பேசுகிறார்கள்.