திப்பியைக் குறித்து மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மகாஜனங்களே!

இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து நின்றுபோக, நம்மூர்க் குச்சிக்கிழங்காகிய மரவள்ளியைக் கொண்டே அதைச் செய்யத் துணிந்த முன்னோரின் முயற்சியால், ஆத்தூர் முதல் ராசிபுரம், சேந்தமங்கலம் வரை எண்ணற்ற குடும்பங்களைப் பிழைப்பிக்கும் கைத்தொழில் நமக்கு வாய்த்தது. 1981-இல் ஜவ்வரிசி ஆலையாளரின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. ஆயினும், கிழங்கை அரைத்து மாவுப் பாலை வடித்தபின் எஞ்சும் திப்பியை நாம் இன்றும் அற்ப வஸ்துவாகவே கருதி வருவது, கிழங்கு விளைவிப்போரும் ஆலைகளில் உழைப்போருமாகிய எங்களுக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

உலர்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்தே. அரவையில் உடையாத நாரின் நுண்ணறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் அது பாலோடு வெளிவருவதில்லை. என்சைம்களைச் சேர்த்தால் சர்க்கரையாக மாறி வெளிப்படும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கவைத்தால் எத்தனால் கிடைக்கும். அதற்கென்றுள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்தால் லாக்டிக் அமிலமும், அதிலிருந்து உரிய வெப்பத்தில் மட்கக்கூடிய பிளாஸ்டிக்கும் கிடைக்கும். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் விலக்கிய ராஜ்யத்துக்கு இதைவிடப் பொருத்தமான கைத்தொழில் வேறென்ன இருக்க முடியும்? காவிரிக்கு அக்கரையில், புகளூர்க் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையைக் காகிதமாக்கி வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோமே!

மாடு வளர்ப்போர், தீவனமாகும் திப்பி பறிபோகுமென்று அஞ்ச வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களத்தில் காயாமல் புளித்து நாறிப்போகும் திப்பியையே முதலில் கேட்கிறோம். ஆலை முதலாளிகள் திப்பியோடு தோலும் மண்ணும் கலவாமல் தனியே சேர்த்து வைத்தல் வேண்டும். புளிக்கவைக்கும் தொட்டிகளும் வடிசாலையும் தனியொரு ஆலையின் சக்திக்கு மீறியவையாதலால், பல ஆலைகளுக்கும் பொதுவான ஒரு தொழிற்சாலையைக் கூட்டுறவு முறையில் நிறுவ அரசாங்கம் முன்வருதல் வேண்டும். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தாரும், 1963 முதல் திருவனந்தபுரத்தில் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தாரும் தம் விஞ்ஞான ஞானத்தை அதற்கு உதவுதல் வேண்டும்.

இக்கோரிக்கையை ஒவ்வொரு ஊராட்சியும் அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவைக்குமாறு தங்களை வணக்கத்துடன் பிரார்த்திக்கிறோம்.