சிலந்தி மனிதன் சட்டையும் சோனி மாப்பிள்ளையும்

"பொட்டி மேல எந்த எழுத்து இருந்தா என்னங்க, உள்ளே கேம் ஓடுதா, அதானே முக்கியம்?" என்றார் ஆபீஸ் நண்பர் ஒருவர். சாப்பாட்டு நேரம், அதனால் அங்கே விட்டுவிட்டேன். இங்கே விடுவதாக இல்லை.

எழுத்து முக்கியமில்லை என்றால், சோனி ஏன் தன் கருவியின் பெயரைத் தானே அழித்து வேறு மாதிரி எழுதியது?

2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது. கருவியின் முதுகில், பெட்டியில், ஒவ்வொரு கேம் அட்டையின் உச்சியிலும் எல்லாம் கேப்பிடல் எழுத்தில் பெயர். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்று யோசித்தவர்களுக்கு உடனே பிடிபட்டது. ஸ்பைடர்மேன் போஸ்டர்! 2002-இல் சாம் ரைமி எடுத்த படம். தயாரித்த கொலம்பியாவும் சோனியின் கம்பெனிதான், ஆகவே திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில் 599 டாலர் வரை விலை வைத்த கருவிக்கு இதுவா? கல்யாண மாப்பிள்ளைக்கு, தம்பி போன தீபாவளிக்குப் போட்ட சட்டையை மாட்டிவிட்ட கதை. 2007 மே மாதம் மூன்றாவது ஸ்பைடர்மேன் வந்தது. எது படத்துக்கு விளம்பரம், எது கருவிக்கு விளம்பரம் என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இத்தனைக்கும் அவர்கள் கையில் தங்கம் இருந்தது. 1994-இல் மனாபு சகாமோட்டோ வரைந்த சின்னத்தைப் பாருங்கள். 'பி' நிமிர்ந்து நிற்கும், 'எஸ்' அதன் காலடியில் நிழல் மாதிரி படுத்திருக்கும். இன்றைக்கும் அதே உருவம்தான். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் எழுத்து இன்னும் அழகு. வெறும் நேர்க்கோடுகள். அந்த 'எஸ்'ஸைக் கண்ணாடியில் காட்டினால் 2! யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதைத்தான் தூக்கிப் போட்டார்கள். 2009-இல் ஒல்லி மாடல் வந்தபோது சிலந்திச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய பாணிக்கே திரும்பினார்கள்.

2020 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 5-இன் சின்னத்தைக் காட்டியபோது, "நாலை அழிச்சு அஞ்சு போட இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று இணையமே கிண்டலடித்தது. நான் சோனி பக்கம். சூடு பட்ட பூனை, சரியாகத்தான் நடந்துகொண்டது.

மற்றவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். நின்டெண்டோ 2006-இல் 'வீ' என்று பெயர் வைத்தபோது, அதிலுள்ள இரண்டு சின்ன 'ஐ'யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆட்கள் என்றது. குடும்பமாக விளையாடுங்கள் என்பதை வேறு எப்படிச் சொல்வது? மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்காகவே 'கன்வெக்‌ஷன்' என்று தனி எழுத்துரு செய்ய வைத்தது. வரைந்தவர் ஸ்டீவ் மேட்டசன். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் நாம் படித்த 'டிராய்ட்' எழுத்தும் அவர் கைவண்ணம்தான்.

"உள்ளே இருக்கறதுதான் முக்கியம்" கட்சிக்கு ஒரே ஒரு கேள்வி. பாலிஸ்டேஷன் ஞாபகம் இருக்கா? வெளியே பிளேஸ்டேஷன் உடம்பு, அதே பாணியில் பெயர். உள்ளே 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல். போலி செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, விற்பது எழுத்துதான் என்று. படித்த நமக்குத்தான் தெரியவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறார் தங்கமணி. காரணம் இருக்கிறது. புனேயில் பிறந்து வளரும் என் பையன் நோட்டின் பின்னட்டையில் இந்தக் கேம் எழுத்துகளை அச்சு அசலாக வரைகிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அழகாக இருக்கிறது, வரைகிறான். அவன் பார்க்கிற தமிழ் எழுத்து எது? ஊரிலிருந்து வரும் மசாலாப் பொட்டலம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தரும் மங்கலான ஜெராக்ஸ், கம்ப்யூட்டரில் தானாக வந்து விழும் 'லதா' எழுத்துரு. 'ழ'வின் சுழியில் இருக்கிற அழகு எந்த 'எஸ்'ஸுக்குக் குறைச்சல்? அதை ஒழுங்காகக் காட்டாமல், "பசங்களுக்குத் தமிழ் மேல ஆசையே இல்லை" என்று சங்கத்துக் கூட்டத்தில் மட்டும் அழுகிறோம்.

போன பொங்கல் விழா பேனரில் "வருக" என்பதை இழுத்து நீட்டி, 'ரு' பாதி வெட்டுப்பட்டுத் தொங்கியதே, யாராவது கேட்டோமா? இந்த வருஷம் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்க சாமி. காசு கூட ஆனால் நானே தருகிறேன்.