தானாக ஓடுகிறதா, ஓட்டப்படுகிறதா?

"தானாக நீந்தும் நுண் காந்த ரோபோ" என்று பத்திரிகைகள் எழுதும்போது, ரயில்வேயில் ஆயுளைக் கழித்த எனக்கு அந்தத் "தானாக" சற்று உறுத்துகிறது. டீசல் என்ஜின் தன் எண்ணெயில் ஓடுகிறது. மின்சார என்ஜினுக்கு மேலே கம்பி வேண்டும். கம்பியில் மின்சாரம் போனால் வண்டி நின்றுவிடும். இரண்டும் ஒன்றா?

2004-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த தங்க-பிளாட்டினக் குச்சிகள், சுற்றியிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடையே எரிபொருளாக்கி நகர்ந்தன. இவற்றைத் தானாக ஓடுபவை எனலாம். ஆனால் புண் கழுவும் அந்தத் திரவத்தை ரத்தத்தில் ஊற்ற முடியுமா?

2009-இல் ஹார்வர்டில் அம்பரீஷ் கோஷும் ஃபிஷரும் செய்தது வேறு வகை. கோபால்ட் பூசிய கண்ணாடித் திருகு. நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. வெளியே கம்பிச்சுருள்களால் காந்தப் புலத்தைச் சுழற்றினால் திருகும் சுழன்று, மரத்தில் ஸ்க்ரூ இறங்குவதுபோல் தண்ணீரில் முன்னேறும். ஏன் திருகு? அவ்வளவு சிறிய பொருளுக்குத் தண்ணீரே பாகு மாதிரி. பிரேக் போட்ட பிறகும் ரயில் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும். இங்கோ, தள்ளுவதை நிறுத்தினால் முன்பிருந்த வேகம் ஓர் அணுவின் அகலம்கூடக் கொண்டுபோகாது. துடுப்பை முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசைத்தால் போன தூரம் திரும்பி வந்துவிடும் என்று பர்செல் 1976-லேயே ஓர் உரையில் விளக்கிவிட்டார்.

கோஷ் பிறகு நம் பெங்களூருக்கு வந்தார். நாம் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்துக்கு. அங்கே 2022-இல் இரும்பு பூசிய திருகுகளைப் பல்லின் நுண்குழாய்களுக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் ஆழம் செலுத்தி, அங்கேயே சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று காட்டினார்கள். பெருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அது பிடுங்கிய பற்களில் நடந்த சோதனை. செய்தியைப் படித்த நம் சங்க அன்பர் ஒருவர் "ரோபோ வரட்டும்" என்று ரூட் கெனாலைத் தள்ளிப்போட்டு, முகம் வீங்கித் திண்டாடினார். "தானாக" என்ற ஒரு சொல் செய்கிற வேலை இது!

வெளியிலிருந்து ஓட்டுகிறோம் என்று எழுதினால் வாசகருக்கு அடுத்த கேள்வி தானே எழும். பல்லுக்குச் சுருள் வைப்பது எளிது. தூரம் கூடக்கூடக் காந்தப் புலம் வேகமாகக் குறையுமே, வயிற்றின் ஆழத்தில் உள்ள கட்டிக்கு எவ்வளவு பெரிய சுருள்? வேலை முடிந்ததும் அத்தனை திருகுகளையும் எப்படி வெளியே எடுப்பது? எந்த லைனிலும் சிக்னலும் பிரேக்கும் சரிபார்த்த பிறகே பயணிகளை ஏற்றினோம்.

சங்கச் செயலாளர் இந்த ஆய்வாளர்களில் ஒருவரை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசவைக்க வேண்டும். கேள்விகளோடு நான் முதல் வரிசையில் இருப்பேன்.